பொட்டலத்தின் பின்பக்கத்தை யார் படிப்பது?





சென்ற ரமளானுக்குச் சில நாள்களுக்கு முன்பு, மாலை மக்தப் முடிந்து பிள்ளைகள் கலைந்து சென்ற பிறகு ஒரு தாய் வாசலில் காத்து நின்றார். அவர் கையில் ஒரு சாக்லேட் பெட்டி இருந்தது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் அவருடைய கணவர், ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பியது. "ஹஜ்ரத், இதில் 471 என்று ஓர் எண் போட்டிருக்கிறது. அது பன்றிக் கொழுப்பு என்று வாட்ஸ்அப்பில் வந்தது. பிள்ளைகள் பாதியைத் தின்றுவிட்டார்கள். இப்போது என்ன செய்வது?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. "தெரியாமல் உண்டதற்குக் குற்றமில்லை, மீதியை விட்டுவிடுங்கள், சந்தேகமானதை விடுவதே பேணுதல்" என்று சொல்லி அனுப்பினேன். சொன்னது மார்க்கத்தின்படி சரியான சொல்தான். ஆனால் வீட்டுக்கு நடந்து வரும் வழியில் மனம் உறுத்தியது. பிஸ்கட், ஐஸ்கிரீம், மாத்திரைக் குப்பி, பாலாடைக்கட்டி என்று இருபது ஆண்டுகளாக யார் எதைக் கொண்டுவந்து கேட்டாலும் இதே பதிலைத்தான் சொல்லி வருகிறேன். பேணுதல் என்ற நல்ல சொல்லுக்குப் பின்னால் என் அறியாமையை ஒளித்து வைத்திருக்கிறேனோ என்ற கேள்வி எழுந்தது.

அன்றிரவு ஒரு பழைய நிகழ்ச்சியும் நினைவுக்கு வந்தது. ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் மத்ரஸாவில் ஓதிய ஒரு மாணவி பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தாள். உணவுத் தொழில்நுட்பம் படிக்க வேண்டும் என்று வீட்டில் உறுதியாக நின்றாள். அவளுடைய அத்தா என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், சோறாக்கப் படிப்பதற்கு நாலு வருஷமா? அதை அவள் அம்மாவே சொல்லித் தருவாளே. நீங்கள் சொன்னால் கேட்பாள்" என்றார். நானும் எடுத்துச் சொன்னேன். அந்தப் படிப்பில் என்ன இருக்கிறது என்று ஒரு வரிகூடத் தெரியாமல் சொன்னேன். அவள் ஆசிரியரின் சொல்லைத் தட்டவில்லை, வணிகவியல் படித்தாள். அல்ஹம்துலில்லாஹ், இன்று நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனால் அந்தச் சாக்லேட் பெட்டியைக் காட்டிக் கேட்க எங்கள் ஊரில் ஒருவரும் இல்லாமல் போனதற்கு நானும் ஒரு காரணம். இந்தக் கட்டுரையை அந்த உறுத்தலோடுதான் எழுதுகிறேன்.

பத்து நிமிடத்தில் கிடைத்த பதில்

இறுதியில் எனக்கு விளக்கம் தந்தவர் அடுத்த தெருவில் வசிக்கும் ஓர் இந்துக் குடும்பத்து இளைஞர். தஞ்சாவூரில் உணவுத் தொழில்நுட்பம் படிப்பவர், விடுமுறைக்கு வந்திருந்தார். பத்து நிமிடத்தில் விளக்கிவிட்டார்.

471 என்பது எமல்சிஃபையர் வகையைச் சேர்ந்த ஒரு சேர்மானம். ஒன்றோடொன்று சேராத எண்ணெயையும் நீரையும் பிரியாமல் சேர்த்துப் பிடித்துக்கொள்வது அதன் வேலை. கொழுப்பிலிருந்து அதைத் தயாரிக்கிறார்கள். அந்தக் கொழுப்பு பனை எண்ணெயாகவும் இருக்கலாம், சோயா எண்ணெயாகவும் இருக்கலாம், விலங்குக் கொழுப்பாகவும் இருக்கலாம். எண்ணை மட்டும் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. ஆகவே "471 என்றால் பன்றி" என்ற வாட்ஸ்அப் செய்தியும் தவறு. "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று தள்ளிவிடுவதும் தவறு.

இந்தியாவில் விற்கப்படும் பொட்டலமாக இருந்தால் இன்னொரு துணை உண்டு. பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால், பால், பால் பொருள்கள், தேன், தேன்மெழுகு, அரக்கு போன்ற சில நீங்கலாக விலங்கிலிருந்து வந்த எதுவும் அதில் இல்லை என்று தயாரிப்பாளர் சட்டப்படி பொறுப்பேற்கிறார் என்று பொருள். அந்தப் பொட்டலத்தில் உள்ள 471 தாவரத்திலிருந்து வந்ததாகவே இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து கையில் கொண்டுவந்த பெட்டியில் அந்தக் குறி இராது. அங்கே ஹலால் சான்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அல்லது தயாரிப்பாளரிடம் எழுதிக் கேட்க வேண்டும். பச்சை வட்டத்துக்கும் ஓர் எல்லை உண்டு. வாசனைப் பொருளைக் கரைக்க ஆல்கஹால் பயன்பட்டதா என்பதை அது சொல்லாது.

அந்த இளைஞர் மேலும் சில எண்களைச் சொன்னார். 120 என்பது கொச்சினீல் என்ற பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு நிறம். 904 என்பது அரக்குப் பூச்சி சுரக்கும் அரக்கிலிருந்து வரும் பூச்சு; மிட்டாய்களின் பளபளப்புக்கு அதுவும் ஒரு காரணம். 920 என்பது மாவைப் பதப்படுத்தும் ஒரு பொருள். பறவை இறகிலிருந்தும் எடுக்கலாம், முடியிலிருந்தும் எடுக்கலாம், நுண்ணுயிர்களைக் கொண்டு நொதிக்கவைத்தும் எடுக்கலாம். 322 என்பது லெசித்தின். பெரும்பாலும் சோயாவிலிருந்து வருவது.

இவற்றில் எது கூடும், எது கூடாது என்று சொல்வது ஆலிம்களின் பொறுப்பு. மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடுகளும் உண்டு. ஒரு பொருள் தன் இயல்பை முற்றிலும் இழந்து வேறொன்றாக மாறிவிட்டால் அதன் சட்டமும் மாறுமா என்பது இஸ்திஹாலா என்ற தலைப்பில் நம் ஃபுகஹாக்கள் நெடுங்காலமாக விவாதித்து வருவது. ஆனால் பொருள் உண்மையிலேயே மாறிவிட்டதா, எந்த அளவுக்கு மாறியது என்பதைச் சொல்ல வேண்டியவர் யார்? அதைக் கிதாபைத் திறந்து கண்டுபிடிக்க இயலாது. அதற்கு ஆய்வகம் வேண்டும். மஸ்அலாவின் ஒரு பாதி மத்ரஸாவில் இருக்கிறது, மறு பாதி தொழிற்சாலையிலும் வேதியியல் நூலிலும் இருக்கிறது. அந்த மறு பாதியைப் படிக்க நம் பிள்ளைகளை நாம் அனுப்பவில்லை.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) சொன்ன குறை

சமுதாயத்தில் சிலராவது செய்தாக வேண்டிய, ஒருவரும் செய்யாவிட்டால் அனைவரும் குற்றவாளிகளாகும் கடமையை ஃபர்ளு கிஃபாயா என்கிறோம். ஜனாஸா தொழுகையை உதாரணமாகச் சொல்லிப் பிள்ளைகளுக்கு இதைக் கற்பிக்கிறோம். அதோடு பாடத்தை முடித்தும் விடுகிறோம்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அதோடு முடிக்கவில்லை. இஹ்யாவில் கல்வியைப் பற்றிய முதற்பகுதியிலேயே மருத்துவத்தையும் கணக்கையும் ஃபர்ளு கிஃபாயாவில் சேர்க்கிறார்கள். அதற்கு மேலும் ஒரு வேதனையைப் பதிவு செய்கிறார்கள்: பல ஊர்களில் முஸ்லிம் மருத்துவர் ஒருவர்கூட இல்லை, பிற சமயத்து மருத்துவர்களே இருக்கிறார்கள், ஆனாலும் எல்லாரும் ஃபிக்ஹு படிக்கத்தான் முண்டியடிக்கிறார்கள் என்ற கருத்தில் அங்கே எழுதியிருக்கிறார்கள். தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு சொன்னது. மருத்துவர் என்ற இடத்தில் உணவுத் தொழில்நுட்பர் என்று வைத்துப் பார்த்தால் அது எங்கள் ஊரைப் பற்றிச் சொன்னது போலவே இருக்கிறது.

அடுத்த தெரு இளைஞர் மீது எனக்கு நன்றி உண்டு. அவர் எங்கள் கேள்வியைச் சிரிக்காமல் மதித்துக் கேட்டார். ஆனால் எங்களுடைய ஹலாலை எங்களுக்கு விளக்க அவரைத் தேடிப் போக வேண்டியிருந்தது என்பது எங்களுடைய குறை.

இதைச் சமுதாயமாகச் செய்து காட்டிய நாடு ஒன்று உண்டு. இந்தோனேசியாவில் 1988ஆம் ஆண்டு, கடையில் விற்கும் பல உணவுகளில் பன்றியிலிருந்து எடுத்த பொருள்கள் கலந்திருக்கலாம் என்று ஒரு பல்கலைக்கழக ஆய்வாளர் வெளியிட்ட தகவலால் பெரும் பதற்றம் உண்டாயிற்று. அந்நாட்டு உலமா சபை, கண்டன அறிக்கையோடு நிற்கவில்லை. 1989 ஜனவரியில் உணவு, மருந்து, அழகுசாதனப் பொருள்களை ஆராய்வதற்கென்று அறிவியலாளர்களைக் கொண்ட தனி நிறுவனத்தையே தொடங்கியது. பின்னர் 2000ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் சுவையூட்டி பற்றிய சர்ச்சை எழுந்தது. அந்தச் சுவையூட்டியை உருவாக்கும் நுண்ணுயிர்களை வளர்க்கும் ஊட்டப்பொருளில், பன்றியிலிருந்து எடுத்த நொதி பயன்பட்டிருந்தது. இறுதிப் பொருளில் பன்றியின் எதுவும் இல்லை என்பது ஒரு வாதம். தயாரிப்பின் வழியிலேயே பன்றிப் பொருள் பயன்பட்டதை ஏற்க இயலாது என்பது மறு வாதம். உலமா சபை இரண்டாவது கருத்தை எடுத்தது. 2001 ஜனவரியில் அப்பொருள் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

தீர்ப்பு எந்தப் பக்கம் என்பதைவிட அந்த விவாதம் நடந்த விதம் நாம் கவனிக்க வேண்டியது. தொழிற்சாலையின் உள்ளே, நுண்ணுயிர் வளரும் தொட்டியில் என்ன ஊற்றப்படுகிறது என்பது வரைக்கும் தெரிந்தவர்கள் ஆலிம்களின் பக்கத்தில் அமர்ந்திருந்தார்கள். அந்நாடு 2014ஆம் ஆண்டு ஹலால் உறுதிச் சட்டத்தை இயற்றியது. 2024 அக்டோபரிலிருந்து நடுத்தர, பெரிய நிறுவனங்களின் உணவுக்கும் பானத்துக்கும் ஹலால் சான்று கட்டாயமாயிற்று. ஒரு பதற்றத்தை வாட்ஸ்அப்பில் சுற்றவிடாமல் கல்வியாக மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு இது சான்று.

ஹலால் பலகையும் ஈரத் தானியமும்

இதுவரை சொன்னது பாதிதான். அல்லாஹ் குர்ஆனில் உணவைப் பற்றிப் பேசும்போது ஹலால் என்ற சொல்லோடு தய்யிப் என்ற சொல்லையும் சேர்த்துச் சொல்கிறான். நல்லது, தூய்மையானது, உடலுக்கு ஏற்றது. ஹலாலைப் பற்றி நூறு கேள்வி கேட்கும் நாம் தய்யிபைப் பற்றி ஒன்றுகூடக் கேட்பதில்லை.

நபி (ஸல்) அவர்கள் மதீனாவின் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்துப் பார்த்ததும், உள்ளே விரல்களில் ஈரம் பட்டதும், மழையில் நனைந்ததாகச் சொன்ன வியாபாரியிடம், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுக் கண்டித்ததும் நாம் அறிந்த செய்தி. ஸஹீஹ் முஸ்லிமில் பதிவானது. வியாபார நேர்மைக்கு அதை மேற்கோள் காட்டுகிறோம். அந்தக் கை உள்ளே நுழைந்தது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. மேலோட்டமாகப் பார்த்து நம்பாமல் உள்ளே சோதித்துப் பார்த்த கை அது. பிற்காலத்தில் முஸ்லிம் நகரங்களில் முஹ்தஸிப் என்ற சந்தை மேற்பார்வையாளர்கள் நியமிக்கப்பட்டார்கள். 14ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த இப்னுல் உகுவ்வா இப்பணிக்கென எழுதிய கையேட்டில் ரொட்டி சுடுபவர், இறைச்சி விற்பவர், சமைத்து விற்பவர் என்று தனித்தனியே பேசுகிறார். உமர் (ரலி) அவர்கள் ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்ற பெண்மணிக்குச் சந்தைப் பொறுப்பு ஒன்றை அளித்ததாகவும் சில வரலாற்று அறிவிப்புகள் உண்டு. இந்தக் கல்வி நமக்குப் புதியதன்று, நாம் கைவிட்டது.

தானியத்தின் ஈரம் என்பது உணவுத் தொழில்நுட்பத்தின் முதற்பாடங்களில் ஒன்று. ஈரம் மிகுந்தால் பூஞ்சை வளரும். சில பூஞ்சைகள் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சை உண்டாக்கும். எங்கள் காவிரி டெல்டாவிலேயே இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அறுவடை நேரத்தில் பெய்யும் மழையில் நனைந்த நெல்லைக் காப்பாற்றும் வழி தேடித்தான் 1967இல் திருவாரூரில் ஒரு சிறிய ஆய்வுப் பிரிவு தொடங்கியது. அதுவே வளர்ந்து இன்று தஞ்சாவூரில் நிஃப்டெம் என்ற தேசிய முக்கியத்துவம் வாய்ந்த கல்வி நிறுவனமாக நிற்கிறது. அதிராம்பட்டினத்துக்கும் கூத்தாநல்லூருக்கும் முத்துப்பேட்டைக்கும் எவ்வளவு பக்கம்! அந்த ஊர்களிலிருந்து துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் வழி தெரிந்தவர்கள் ஏராளம். தஞ்சாவூரின் அந்த வளாகத்துக்கு வழி தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

இனி நம் கடைகளைப் பார்ப்போம். "ஹலால்" என்ற பலகை பெரிதாக மாட்டியிருக்கும் உணவகத்தில், பொரித்த எண்ணெயையே மறுநாளும் அதற்கு மறுநாளும் ஊற்றிப் பொரிக்கிறார்கள். அதற்குச் சட்டத்தில் வரம்பு உண்டு. எண்ணெயில் சிதைந்த பொருள்களின் அளவு 25 விழுக்காட்டைத் தாண்டினால் அது உணவுக்கு ஆகாது. கோழிப் பொரியலுக்கு ரத்தச் சிவப்பில் சாயம் பூசுகிறார்கள். பஞ்சு மிட்டாயில் துணிச் சாயமான ரோடமின்-பி இருந்ததால் 2024 பிப்ரவரியில் தமிழக அரசு அதைத் தடை செய்ததே, நினைவிருக்கிறதா? முறைப்படி அறுத்த கோழியை அளவு மீறிய சாயத்தில் முக்கினால் அறுப்பு ஹலாலாக இருக்கும். உணவு தய்யிபாக இருக்குமா?

பள்ளிவாசலில் காய்ச்சும் நோன்புக் கஞ்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். அரிசியில் இயல்பாகவே இருக்கும் ஒரு வகைக் கிருமியின் விதைகள் கொதிநீரிலும் சாவதில்லை என்று அந்த இளைஞர் சொன்னார். உணவு சூடாகவே, 60 டிகிரிக்கு மேல் இருக்கும் வரையில் அவை வளராது. வெதுவெதுப்பாகப் பல மணி நேரம் கிடந்தால் வளரும். அப்போது உண்டாகும் நஞ்சில் ஒரு வகை மறுபடி சூடாக்கினாலும் போகாது. லுஹருக்குப் பின் காய்ச்சி, அஸருக்குப் பங்கிட்டு, மஃரிபில் குடிக்கும் கஞ்சியைச் சூடு குறையாமல் வைத்திருப்பதும், மீந்ததை ஸஹருக்கு எடுத்து வைப்பதானால் உடனே ஆறவைத்துக் குளிரூட்டியில் வைப்பதும் எவ்வளவு முக்கியம் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். நம் சமையல் பாய்மார்களுக்கு அனுபவத்தில் இதில் பெரும்பகுதி தெரியும். காரணம் தெரிந்த ஒரு பிள்ளை அவர்கள் பக்கத்தில் நின்றால் அந்த அனுபவம் அறிவாக மாறும்.

இது சமையல் படிப்பு அன்று

பெற்றோரின் முதல் தயக்கத்துக்கு வருகிறேன். உணவுத் தொழில்நுட்பம் என்பது கேட்டரிங் அன்று. எந்த நோயாளி என்ன உண்ண வேண்டும் என்று சொல்லும் உணவியல் படிப்பும் அன்று. உணவின் வேதியியல், நுண்ணுயிரியல், வெப்பமும் குளிரும் உணவுக்குள் எப்படிப் பரவுகின்றன என்ற பொறியியல், உலர்த்துதல், பொட்டலமிடுதல், தரக் கட்டுப்பாடு, உணவுச் சட்டம் ஆகியவை அதில் பாடங்கள். தட்டில் ஆறிப்போகும் பிரியாணியைப் பலபடலப் பையில் அடைத்து, அழுத்தத்தில் ஏறத்தாழ 121 டிகிரி வெப்பம் கொடுத்து, குளிரூட்டி இல்லாமலேயே மாதக்கணக்கில் கெடாமல் வைப்பது எப்படி என்பது அங்கே ஒரு பாடம். மைசூரில் உள்ள பாதுகாப்புத் துறையின் உணவு ஆய்வகம் இத்தகைய முறைகளில்தான் படைவீரர்களுக்கு உணவு தயாரிக்கக் கற்றுக்கொடுத்தது.

பி.டெக். படிக்கப் பெரும்பாலும் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம், இயற்பியல், வேதியியல் தேவை. தஞ்சாவூர் நிஃப்டெமுக்கு ஜே.இ.இ. மெயின் தேர்வு எழுத வேண்டும். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்திலும், கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் சென்னையை அடுத்த கொடுவள்ளியில் உள்ள கல்லூரியிலும் இந்தப் பட்டப்படிப்பு இருக்கிறது. இவற்றுக்கு அந்தந்தப் பல்கலைக்கழகத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.சி. டெக் வளாகத்துக்கும் தனியார் பொறியியல் கல்லூரிகளுக்கும் பொறியியல் கலந்தாய்வு வழியாகச் செல்லலாம். மேற்படிப்புக்கு மைசூரில் 1950 முதல் இயங்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எருமைப் பாலிலிருந்து குழந்தை உணவு செய்யும் முறையை இந்த நாட்டுக்குத் தந்தது அந்த நிலையம்தான்.

வேலை என்று பார்த்தால், பால், அரிசி, மசாலா, பிஸ்கட், கடல் உணவு ஏற்றுமதி ஆகியவற்றில் உற்பத்தியும் தரக் கட்டுப்பாடும் முதல் வாசல். புதிய உணவுப் பொருள்களை உருவாக்கும் ஆய்வுப் பிரிவுகள், பரிசோதனைக் கூடங்கள், கல்லூரி ஆசிரியப் பணி ஆகியவை அடுத்தவை. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் பணியாற்றும் உணவுப் பாதுகாப்பு அலுவலர் பதவிக்கு இந்தப் பட்டம் தகுதியானது. அன்றைய முஹ்தஸிபின் இன்றைய வடிவம் அந்தப் பதவி. துபாய் போன்ற நகரங்களில் உணவகங்களுக்கு உணவுப் பாதுகாப்பில் பயிற்சி பெற்ற பொறுப்பாளர் வேண்டும் என்பது விதி. ஹலால் சான்று வழங்கும் அமைப்புகளுக்குத் தொழிற்சாலையைத் தணிக்கை செய்யத் தெரிந்தவர்கள் வேண்டும். மார்க்கக் கல்வியும் இந்தப் பட்டமும் சேர்ந்த ஒருவருக்கு அங்கே எவ்வளவு மதிப்பு என்று எண்ணிப் பாருங்கள்.

சொந்தத் தொழிலையும் மறக்க வேண்டாம். கீழக்கரைத் தொதலும் ஆற்காட்டு மக்கன் பேடாவும் நம் வீட்டுப் பெண்கள் செய்யும் வட்டலப்பமும் ஊர் எல்லைக்குள்ளேயே நிற்பதற்குக் காரணம் சுவையில் குறை அன்று. அவை எத்தனை நாள் கெடாமல் இருக்கும், எந்தப் பொட்டலத்தில் எந்தச் சூட்டில் அடைக்க வேண்டும் என்று சொல்ல ஆளில்லை.

மறைக்காமல் சில உண்மைகள்

அன்றொரு நாள் தெரியாமல் தடுத்தேன். இன்று அதே போல் தெரியாமல் தூண்டிவிடக் கூடாது அல்லவா? ஆகவே விசாரித்தறிந்த குறைகளையும் சொல்கிறேன்.

தொழிற்சாலை வேலையில் தொடக்கச் சம்பளம் கணினித் துறையைப் போல் இராது. இரவு முறை உண்டு. ஊரைவிட்டுப் போக வேண்டியிருக்கும். அனுபவம் சேரச் சேரத்தான் நிலை உயரும். தனியார் கல்லூரி எனில் ஆய்வகம் உண்மையிலேயே இயங்குகிறதா, மாணவர்கள் பயிற்சிக்கு எந்தத் தொழிற்சாலைக்குச் செல்கிறார்கள் என்று நேரில் போய்ப் பார்த்த பிறகு சேருங்கள். உணவு என்ற சொல் பெயரில் இருக்கும் எல்லாப் பட்டங்களும் அரசு உணவுப் பாதுகாப்பு அலுவலர் பதவிக்குச் செல்லுபடியாகா. சேருவதற்கு முன்பே விதியைப் படித்துக்கொள்ள வேண்டும்.

"மதுவோ பன்றியோ கையாளும் இடத்தில் வேலை கிடைத்தால் என்ன செய்வது?" என்று ஒரு தந்தை கேட்டார். நியாயமான கேள்வி. அத்தகைய வேலையை ஏற்க வேண்டாம். இந்தத் துறை அவ்வளவு குறுகியதன்று. அரிசி ஆலையும் பால் பண்ணையும் மசாலாத் தொழிற்சாலையும் இருக்கின்றன. வங்கியில் வட்டி இருக்கிறது என்பதற்காகப் பிள்ளைகளுக்குக் கணக்கே கற்பிக்காமல் விட்டோமா?

பெண் பிள்ளைகளைப் பற்றிய கவலையும் எனக்குப் புரிகிறது. நானும் இரண்டு பெண்களின் தகப்பன். ஆய்வகம், ஆசிரியப் பணி, அரசுப் பணி, வீட்டோடு சேர்ந்த சிறுதொழில் என்று கண்ணியத்தோடு செய்யக்கூடிய வழிகள் இதில் மற்றப் பொறியியல் படிப்புகளைவிட மிகுதி. ஒன்றும் இல்லாவிட்டாலும், பொட்டலத்தைத் திருப்பிப் படிக்கத் தெரிந்த ஒரு தாய் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய அருள்!

சிறு உணவுத் தொழில்களுக்கு மத்திய அரசு 35 விழுக்காடு, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம் என்று ஒரு திட்டத்தை 2020இல் கொண்டுவந்தது. ஆனால் அது வங்கிக் கடனோடு இணைந்தது. வட்டியை அஞ்சும் நம் சகோதரர்கள் ஒதுங்கி நிற்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒதுங்கியவர்களுக்கு மாற்று வழி செய்யாத ஜமாஅத்துகளைத்தான் கேட்க வேண்டும்.

ஜமாஅத்துக்கும் மத்ரஸாவுக்கும்

மூன்று காரியங்களை நம் ஊர்களில் தொடங்கலாம் என்று கருதுகிறேன். பெரிய மாநாடு எதுவும் வேண்டாம்.

ஒன்று, மக்தபில் ஹலால் ஹராம் பாடம் நடத்தும்போது பிள்ளைகளை வீட்டிலிருந்து ஒரு காலிப் பொட்டலம் கொண்டுவரச் சொல்லுங்கள். பச்சை வட்டம் எது, பழுப்பு முக்கோணம் எது, 14 இலக்க உரிம எண் எங்கே, சேர்மானப் பட்டியல் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று காட்டுங்கள். அளவில் மிகுந்தது முதலில் எழுதப்படும் என்ற ஒரு விதி தெரிந்தாலே பல விளம்பரங்களின் உண்மை விளங்கிவிடும். சென்ற மாதம் நான் தொடங்கிவிட்டேன். பிள்ளைகள் பாடத்தை மறந்தாலும் பொட்டலத்தை மறப்பதில்லை.

இரண்டு, ஜமாஅத் வழங்கும் கல்வி உதவியில் ஆண்டுக்கு ஒரே ஓர் இடத்தை உணவுத் தொழில்நுட்பத்துக்கென்று ஒதுக்குங்கள். பத்தாம் வகுப்பு முடிக்கும்போதே பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவிட வேண்டும். பதினொன்றாம் வகுப்பில் கணிதத்தை விட்டுவிட்ட பிறகு சொல்லிப் பயனில்லை. படித்து முடித்த பிள்ளையால் தொழில் தொடங்க முடியுமானால், பைத்துல்மால் வட்டியில்லாக் கடன் கொடுக்கட்டும்.

மூன்று, ஆலிம்களும் இந்தத் துறை படித்தவர்களும் ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒரே பாயில் அமர வேண்டும். முஸ்லிம் அல்லாதவராக இருந்தாலும் அழையுங்கள். அறிவுள்ளவர்களிடம் கேட்பது நமக்கு இடப்பட்ட கட்டளை. "எனக்குத் தெரியாது, தெரிந்தவரிடம் கேட்போம்" என்று சொல்ல ஆலிம்களாகிய நாங்களும் பழக வேண்டும். இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தம்மிடம் கேட்கப்பட்ட பல கேள்விகளுக்குத் தெரியாது என்றே பதில் சொன்னார்கள் என்று மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். நாங்கள் அதைப் பின்பற்றுவது குறைவு.

பெருநாள் முடிந்த வாரத்தில், அன்று என்னிடம் வந்த அந்தத் தந்தையின் வீட்டுக்குப் போனேன். "உங்கள் மகளுக்கு நான் தெரியாததைத் தெரிந்தது போல் சொல்லிவிட்டேன், அவளிடம் சொல்லுங்கள், என்னை மன்னிக்கட்டும்" என்றேன். அவர் திகைத்து, "அதெல்லாம் எதற்கு ஹஜ்ரத், அவள் விதி அப்படி" என்றார். அவருடைய இளைய மகள் பதினொன்றாம் வகுப்பில் கணிதம் எடுத்திருக்கிறாள். அவளைப் பற்றியும் பேசினேன். தஞ்சாவூர் எவ்வளவு பக்கம் என்று சொன்னேன். "பார்க்கலாம் ஹஜ்ரத்" என்றார். கதவுக்குப் பின்னால் அந்தப் பிள்ளை நின்று கேட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும்.

அந்தச் சாக்லேட் பெட்டியைக் கொண்டுவந்த தாய்க்கும் பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். பெட்டியில் ஹலால் சான்றின் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். பின்பக்கத்தின் ஓரத்தில் சிறியதாக இருந்ததாம். நாங்கள் இருவருமே அன்று பெட்டியைத் திருப்பிப் பார்க்கவில்லை.

வல்ல அல்லாஹ் நம் உணவை ஹலாலாகவும் தய்யிபாகவும் ஆக்கி, அதைப் பிரித்தறியும் கல்வியை நம் பிள்ளைகளுக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.